என்னை மட்டும் பார்த்த இருபத்திரண்டு முகங்கள்

கையால் செய்து, தானே சுமந்து, தானே விற்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பதினான்கு வயதில் ரப்பர் மரம் சீவப் போனேன். பிறகு ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள், உதிரிப் பழம் பொறுக்கினேன். தோட்டத்தை விற்று வீடு கட்ட ஆரம்பித்தபோது எங்கள் லயத்து ஜனமெல்லாம் அழுதுகொண்டே லாரி ஏறியது. நான் மட்டும் வெட்டிப்போட்டுக் கிடந்த செம்பனை மட்டைகளையும் லாரியில் ஏற்றினேன். பைத்தியம் என்றார்கள். அந்த மட்டையில்தான் மகளைப் படிக்க வைத்தேன். அம்பாங்கானில் வீடு வாங்கினேன். பைத்தியம் என்று சொன்னவர்கள் பிறகு என்னிடம் கடனுக்கு வந்தார்கள். அதை விடுங்கள்.

செம்பனை மட்டை மரத்தோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதியைக் காயவைத்துப் பார்த்தால் தெரியும். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் அதிலேயே இருக்கும். ஓரத்து முள்ளைச் சீவாமல் விட்டால் பல். கறுப்பும் சிவப்பும் பூசினால் வாசலில் மாட்டுகிற திருஷ்டி முகம். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இதை முதலில் செய்தது நான்தான். இப்போது செய்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் செய்கிறவர்கள். யாரையும் கேட்டுப் பாருங்கள்.

பாராங் கத்தி பிடிப்பதையும் வர்ணம் கலப்பதையும் நான் எழுதப் போவதில்லை. அது கைக்குத் தானாக வரும். எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய தப்பு நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தப்புக்கு முன்னால் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து முனியாண்டிக்கு, தோட்டம் போன பிறகும், வருஷத்துக்கு ஒருமுறை வர்ணம் அடிக்க வருவார். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் செய்த முதல் முகத்தைக் கோயிலுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்க மாட்டிக் கண்ணு வச்ச?"

"எங்க வீட்லதான்."

"வீட்ல வச்சா அது வீட்டத்தான பாக்கும். மொத மொதல்ல எதப் பாக்குதோ, அதத்தான் அது வர விடாது. வாங்குனவன் வாசல்ல மாட்டிட்டு, ரோட்டப் பாத்த மாதிரி கண்ணு வை. நீ ஓரமா நின்னு கைய மட்டும் நீட்டு. ஒன் மூஞ்சி அதுக்குத் தெரியக் கூடாது."

"இத இப்ப என்ன பண்றது? கண்ணச் சொரண்டிடவா?"

"தொறந்த கண்ண நீ மூட முடியாது. மண்ணப் பாத்த மாதிரி கவுத்துப் போடு. மக்கிப் போவும்."

அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்னது. இரண்டு நிமிஷப் பேச்சு. ஏறக்குறைய முப்பது வருஷம் அதன்படியே செய்தேன். குருட்டு முகமாக விற்பேன். பிறகு வாங்கினவர் வீட்டுக்குத் தூரிகையோடு போவேன். நான் கண் வைக்கப் போகிற அன்றைக்கு அந்தத் தெருவே கூடிவிடும். கூடி நிற்பவர்களில் இரண்டு பேர் அங்கேயே சொல்லிவைப்பார்கள். ஒரு முகம் விற்றால் இரண்டு முகம் விற்றது. விளம்பரத்துக்கு நீங்கள் இப்போது வகுப்பெல்லாம் போய்ப் படிக்கிறீர்களாம். எனக்கு அந்தத் தூரிகைதான் விளம்பரம்.

பிறகு கைப்பேசி வந்தது. படம் போட்டு விற்கிறவர்கள் வந்தார்கள். சிரம்பானில் தீபாவளிச் சந்தை ஒன்றுக்கு ஏற்பாடு நடந்தது. முன்வரிசைக் கடை எனக்குத்தான் என்றார்கள். எனக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? படம் எடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண், துறுதுறுவென்று இருந்தாள். என் முகங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மா, கண்ணே இல்லாம இருக்கு. இத போன்ல பாத்தா எவன் நின்னு பாப்பான்? தள்ளிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பான் லா."

"கண்ணு வீட்டுக்குப் போய்த்தான் வைப்பேன்."

"கோலாலம்பூர்ல ஒருத்தர் வாங்குனா கேஎல் வரைக்கும் போவீங்களா? ஈப்போவுக்கு?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஈப்போ வரைக்கும் பெயர் போக வேண்டும் என்று ஆசை. அன்று மதியமே கூடத்துச் சுவரில் இருபத்திரண்டு முகங்களை மாட்டினேன். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கண் வைத்தேன். நேராகப் பார்க்கிற கண். என் கை அளவு பிசகாது.

இருபத்திரண்டாவதுக்குக் கண் வைத்துத் தூரிகையை இறக்கியபோது, கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தியதுபோல் இருந்தது. அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண் வாசலில் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து ஒரு படம் எடுத்தாள். படத்தைப் பார்த்தாள்.

"மா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. எல்லாம் ஒங்களையே பாக்குது."

நான் சிரித்துக்கொண்டே இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய் நின்றேன். இன்னொரு படம் எடுத்தாள். அதையும் பார்த்தாள். போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

முகங்கள் ஒரு வாரம் என் வீட்டில் இருந்தன. அந்த வாரம் என் வீட்டில் நான் விருந்தாளி மாதிரி இருந்தேன். கூடத்தில் உட்கார்ந்தால் யாரோ எழுந்திருக்கச் சொல்வதுபோல் இருக்கும். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விடுவேன். காரணம் யோசிக்கவில்லை. படம் வெளியானதும் வாங்கினவர்கள் கார் போட்டு வந்து எடுத்துப்போனார்கள். எல்லாரும் சிரம்பானைச் சுற்றியுள்ளவர்கள்தான், ஈப்போவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கடைசி முகமும் போன அன்று, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது. சரக்கு விற்ற நிம்மதி என்று நினைத்தேன்.

அந்த இருபத்திரண்டில் ஒன்று என் மகள் சுமதிக்கு. ரஹாங்கில் இருந்தாள், நிறைமாதம். பிள்ளை வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் மாட்ட வேண்டும் என்று கேட்டாள். மருமகன் வந்து எடுத்துப்போனார்.

முதலில் நடந்தது அம்பாங்கானில். முகம் வாங்கின ஒரு வீட்டில் தோரணமும் கேட்டிருந்தார்கள், கொடுக்கப் போனேன். கேட்டைத் தாண்டக் காலைத் தூக்கினேன், மூச்சு அடைத்துவிட்டது. யாரோ உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளுகிற மாதிரி. பின்னால் நகர்ந்ததும் சரியாகிவிட்டது. வெயில் என்று நினைத்தேன். மறுநாள் இன்னொரு வீட்டில் அதேபோல். கிளினிக்குக்குப் போனேன். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரி மாதிரி இருக்கிறீர்கள் என்றார் டாக்டர். அது எனக்கே தெரியும்.

பிறகு சுமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தேன், தூக்கினேன், எந்தத் தொந்தரவும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று காலை பத்தியச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு ரஹாங் போனேன். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. மருமகனின் அம்மா இறந்து வருஷமாகிறது.

கேட்டில் நின்றேன். நான் வளர்த்துக் கொடுத்த கறுப்பு நாய் ஓடிவந்து காலை நக்கியது. திரும்பி உள்ளே போய், நான் ஏன் வரவில்லை என்பதுபோல் நின்று பார்த்தது. கதவுக்கு மேலே என் முகம் மாட்டியிருந்தது. நான் செய்த முகம் என்று சொல்ல வந்தேன்.

"அத்தை, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க," என்றார் மருமகன்.

ஓர் அடி வைத்தேன். நெஞ்சில் அந்தக் கை. பையைக் கேட்டிலேயே வைத்துவிட்டு, அவசர வேலை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். மறுநாள் போனேன், அதே கதை. மூன்றாம் நாள் சுமதியே குழந்தையோடு கதவு வரைக்கும் வந்தாள்.

"என்னாம்மா இது? மூணு நாளா கேட்டோட வந்துட்டுப் போறீங்க. அக்கம்பக்கத்துல என்ன கேக்குறாங்க தெரியுமா?"

"மூச்சு வாங்குதும்மா."

"பாசார்ல காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் கூவிக் கூவி விக்கிறீங்க, அப்ப மூச்சு வாங்கல. பொட்டப் புள்ளன்னுதான வரமாட்டேங்கிறீங்க?"

என்னைப் பெற்ற தாய்கூட இப்படி ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. ஒற்றைப் பெண்ணை வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து வாழ்ந்தவள் நான். அவள் கதவைச் சாத்தினாள். கதவுக்கு மேலே அது பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் அந்தப் படங்களைத் தேடினேன். அந்தப் பெண் இரண்டையும் அனுப்பியிருந்தாள். அதுவரை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை, வந்த பாராட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். முதல் படத்தில் இருபத்திரண்டு முகங்களின் கண்களும் இடது பக்கம் போயிருந்தன. இரண்டாவது படத்தில் எல்லாம் வலது பக்கம். நான் வைத்தது நேரான கண்.

பெரியவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் முதலில் எதைப் பார்க்கிறதோ அதை வர விடாது. அவை முதலில் பார்த்தது முக்காலியில் உட்கார்ந்திருந்த என்னை.

மறுநாள் ரஹாங் போய், கேட்டில் நின்றே மருமகனைக் கூப்பிட்டேன். "மாப்பிள்ள, அந்த மூஞ்சியக் கழட்டி, கவுத்த மாதிரி சாக்குல போட்டு, கேட்டுக்கு வெளிய கொண்டாந்து வைங்க. வர்ணம் சரியில்ல, மாத்தித் தரேன்." அவர் சிரித்துக்கொண்டே செய்தார். சாக்கு வெளியே வந்த நிமிஷம் நான் உள்ளே போனேன். நடந்து போனேன், மூச்சு கொஞ்சமும் பிசகவில்லை. சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையை என் மடியில் வைக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

இனி கேளுங்கள், நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது. என் மகள் வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. மீதி இருபத்தொரு வீடு. அந்த வீடுகளுக்கு நான் போகாவிட்டால் போச்சு. முகங்கள் யாரையும் எதுவும் செய்யவில்லை. வாங்கினவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். சந்தைக்கு இன்னும் மூன்று நாள். முன்வரிசைக் கடையின் பதாகையில் அதே படம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் எவனுக்குத் தெரியும்? நானும் அப்படித்தான் இருந்துவிடப் பார்த்தேன்.

அப்போது கோலா சாவாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவரும் வாங்கினவர். பட்டப்பகலில் திருடன் முன்கதவை உடைத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறான்.

"அக்கா, ஒங்க சாமி நல்லா தூங்குதுலா," என்றார். கோபமில்லை, கிண்டல்தான்.

அது தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். திருடன் அதற்கு அடியில்தான் போயிருக்கிறான். அது அவனைத் தாண்டி, ரோட்டில் நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும். காவலுக்கென்று நான் விற்ற சரக்கு, ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் காவல். அந்த ஆள் நான்.

சந்தைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பண்டிகை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் அக்கா என்றார். முடியாது என்றேன். கடை போயிற்று. அதில் வேறு யாரோ பிளாஸ்டிக் தோரணம் விற்றார்கள்.

மூன்று நாளும் வீடு வீடாகப் போனேன். எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. தாமான் குடியிருப்புக்குள் நடக்கும்போதே என் மூச்சு சொல்லிவிடும், இந்த வீடு என்று. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவேன். "கண்ணு வச்சதுல தப்புப் பண்ணிட்டேன். வேற செஞ்சு தரேன், காசு வேணும்னாலும் தரேன். இதக் கவுத்து எடுத்துட்டு வாங்க." என்னைத் தெரிந்த யாரும் என் வாயால் தப்பு என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. சிலர் சிரித்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், கேட்டுக்கு வெளியே நின்றே குடித்தேன். சுமதி வீட்டு முகத்தையும் சேர்த்து இருபத்தொன்று திரும்ப வந்தது. பழைய தோட்டப் பக்கம் இன்னும் செம்பனை இருக்கிற இடத்துக்கு எடுத்துப்போனேன். வெட்டிய மட்டைகளை மக்கட்டும் என்று வரிசைக்கு நடுவே குவித்து வைப்பார்களே, அதன் அடியில் மண்ணைப் பார்த்த மாதிரி ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். திரும்பி நடந்தபோது முதுகில் எதுவும் உறுத்தவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் புது முகம் செய்து, அவரவர் வாசலில் ஓரமாக நின்று கண் வைத்தேன்.

ஒரே ஒரு வீட்டில் கொடுக்க மாட்டேன் என்றார்கள். அம்பாங்கானில், பஸ் நிறுத்தத்துக்கு எதிர் வீடு. அந்த வீட்டுக்காரி சின்ன வயது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒங்கள மட்டும்தான் தடுக்குமாக்கா?"

"ஆமாம்மா. வேற ஒண்ணுக்கும் ஒதவாது."

"இல்லக்கா, ஒதவுது." சிரித்தாள். "என் மாமியாரு ஒங்க ஜாடதான். அதே கொண்ட, அதே மூக்குத்தி. மாசா மாசம் மொத ஞாயித்துக்கெழம வந்து எனக்கு அடுப்புலேர்ந்து அரிசி வரைக்கும் குத்தம் சொல்லுவாங்க. இத மாட்டுனதுலேர்ந்து கேட்டோட நின்னுடுறாங்க. மூச்சு முட்டுதாம். எனக்கு இதுதான் வேணும்."

"அவுங்க மகனப் பாக்கத்தானம்மா வராங்க."

"அவரும்தான் கேக்குறாரு, அம்மா ஏன் உள்ள வரமாட்டேங்குதுன்னு. எங்களப் புடிக்கலபோலன்னு சொல்லிட்டேன்."

கெஞ்சினேன். நான் கெஞ்சினேன் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது முறை சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பொருள், அவள் வாசல். உள்ளே போய்ப் பிடுங்கவும் என்னால் முடியாது. அந்த மகனுக்கு ஆள் விட்டு விஷயத்தைச் சொன்னேன். மட்டை ஆளைத் தடுக்குமா என்று சிரித்தாராம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பத்து மணி பஸ்ஸில் ஒரு கிழவி இறங்கினாள். கையில் மரவள்ளிக்கிழங்குப் பை. நானே கண்ணாடியில் இருந்து இறங்கி வருகிற மாதிரி இருந்தது. அவள் ரோட்டைக் கடந்து கேட்டருகே போனாள், நெஞ்சைப் பிடித்தாள், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலே சொன்னாள்.

"மகன் வீடு. போவ முடியல."

"தப்பு ஒங்க மேல இல்லம்மா. அந்த மூஞ்சியச் செஞ்சவ நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் பாத்தேன், எங்கேயோ பாத்த மொகமா இருக்கேன்னு."

"அது தேடுறது என்னைத்தான். ஒங்களுக்கு என் ஜாட, அதான் குழம்பிப் போவுது. வாங்க. நான் கேட்டுக்கு நேரா நிக்கிறேன். அசலு நின்னா அது ஒங்களப் பாக்காது. நீங்க கால்வா ஓரமா போங்க, அண்ணாந்து மட்டும் பாக்காதீங்க."

போய் நின்றேன். கதவுக்கு மேலே, நான் நேராக வைத்த கண்கள் மெதுவாக என்மேல் வந்து நின்றன. நெஞ்சில் கை. அதற்கு முன் எப்போதும் பின்னால் நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு நகரவில்லை. காது அடைத்தது, பார்வை ஓரங்களில் கறுத்தது. கால்வாய் ஓரமாக அவள் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "மா," என்று ஒரு ஆண் குரல், அவ்வளவுதான் கேட்டது. கதவு சாத்திய பிறகுதான் காலை எடுத்தேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்துதான் மூச்சு விட்டேன்.

கடையை மூடிவிட்டேன், பாராங்கையும் கொடுத்துவிட்டேன். ஆனால் முதல் ஞாயிறு தவறுவதில்லை. சுமதி திட்டுகிறாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டே, "நெஞ்ச அடைச்சு ரோட்ல விழுந்துடப் போறீங்க," என்கிறாள். விழுந்தால் விழுகிறேன். அந்த முகம் மக்குகிற வரைக்கும், அல்லது நான் மக்குகிற வரைக்கும். விற்ற சரக்குக்கு இந்த மாதிரி வந்து நிற்கிற வியாபாரி இந்த மாநிலத்தில் நான் ஒருத்திதான். சந்தேகமிருந்தால் பத்து மணிக்கு அந்தப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து பாருங்கள்.

பக்கத்தில் வந்து மட்டும் நிற்க வேண்டாம். ஆள் அடையாளம் குழம்புகிற கண் அது, உங்களையும் பார்த்து வைத்துக்கொள்ளும்.